முள் பதினைந்தில் நின்றது

மாதேஸ்வரி கையைப் பார்க்காமல் ஒருத்தியையும் உள்ளே விட்டதில்லை. காலை எட்டு மணி ஷிப்டுக்கு வரும் நாற்பத்தாறு பெண்களும் உடை மாற்றும் அறையில் அவள் முன்னால் இரண்டு கையையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். வளையல், மோதிரம், தலைப்பூ, நெற்றிப் பொட்டு எல்லாம் அவரவர் சாப்பாட்டுப் பையோடு வெளியே நின்றுவிடும். தாலிக்கயிறு மட்டும் உள்ளே போகலாம், அதுவும் கழுத்து மூடிய வெள்ளை அங்கிக்கு அடியில். மஞ்சள் பூசிய முகத்தோடு வந்தவளைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்த பிறகுதான் விடுவாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பத்ரகாளி என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் ரோட்டில், முட்டைக்கோஸ் வயல்களைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது அந்த லேப். ஜெர்பரா பூச்செடியின் நுனியைக் கிள்ளிப் பாட்டிலில் நட்டு, ஒன்றைப் பத்தாக்கி, பத்தை நூறாக்கி, பசுமைக்குடில்காரர்களுக்கு நாற்றாகக் கொடுப்பது தொழில். பாட்டிலில் மண் கிடையாது. சர்க்கரையும் சத்தும் கலந்து காய்ச்சிய கூழ்தான். அதற்கு மீடியா என்று பேர். செடிக்கு வைத்த அந்த விருந்தில் கிருமியும் பந்திக்கு வந்து உட்காரும். ஒரே ஒரு கிருமி விழுந்தால் போதும், ஆறாம் நாள் பாட்டில் மோர் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். அதைக் கண்டாம் என்பார்கள். கண்டாம் என்ற சொல்லை அங்கே சத்தமாகச் சொல்லவே பயப்படுவார்கள்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை. வெளியே சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் வந்த ராஜாத்தி இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். பத்தாவது ஃபெயிலான பெண், ஆனால் கத்தியைக் கையில் எடுத்தால் அவள் வேகத்துக்கு எம்.எஸ்சி. படித்தவள் ஈடுகொடுக்க முடியாது.

"அந்தக் கைய இன்னா, வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றாள் மாதேஸ்வரி.

ராஜாத்தி சிரித்துக்கொண்டே நீட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் நூல். நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு முடிந்திருந்தது.

"காவேரிப்பட்டினத்துல எங்காத்தாளுக்குக் காப்பு கட்டிட்டாங்கக்கா. நேத்துதான் கட்டுனது."

"அவுத்துட்டு வா."

"அய்யோ, தேரு நெல சேர்ற வரைக்கும் அவுக்கக் கூடாதுக்கா. வீட்டுல கொன்னே போடுவாங்க."

"அப்ப தேரு நெல சேந்த பொறவு வேலைக்கு வா. ரூலு தெரியாதா உனக்கு? பச்சக் கெழங்கு, மண்ணுக்குள்ள கெடந்தது. அதக் கையில கட்டிக்கினு செடிய வெட்டுவியா நீ?"

"நீ ஆத்தாளே வந்து நின்னாலும் கைய நீட்டுன்னுதான் சொல்லுவ" என்று முணுமுணுத்துக்கொண்டு ராஜாத்தி செருப்பை மாட்டினாள். எட்டு நாள் லீவு. அவளோடு இன்னும் நாலு பேரும் ஆடித் திருவிழா என்று ஊருக்குப் போயிருந்தார்கள். ஐந்து மேசை காலியாகக் கிடந்தது.

மாதேஸ்வரிக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். அப்பன் ஆத்தாள் இரண்டு பேரும் கூலிக்காரர்கள். கிருஷ்ணகிரியில் தாவரவியல் படித்துவிட்டு, பதினோரு வருஷத்துக்கு முன்னால் செடி வெட்டும் ஆளாக இங்கே சேர்ந்தாள். அன்றைக்கு அவளோடு சேர்ந்தவர்கள் ஆறு பேர். ஒருத்தி செல்போன் கம்பெனிக்குப் போய் லைனில் நின்று முதுகு போய்த் திரும்பினாள். ஒருத்தி பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். கெட்டிக்காரியான மணிமேகலை பெங்களூரில் மருந்துக் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மற்ற மூன்று பேருக்கும் கல்யாணம் ஆனதுதான் கடைசிச் செய்தி. மாதேஸ்வரி மட்டும் பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே மார்பில் துணியை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தவள். சூப்பர்வைசர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மாடியில் இருக்கும் ஆராய்ச்சி அறைக்குப் போக வேண்டும். வெட்டச் சொன்னதை வெட்டாமல், ஏன் இப்படி என்று ஒரு கேள்வியைத் தானே கேட்டுத் தானே பதில் கண்டுபிடிக்க வேண்டும். அதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று லேப் மேனேஜர் ஜோதிமணி மேடத்திடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

மேடம் சிரிக்கவில்லை. சேலத்துக்காரர், பெங்களூரில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வெளிநாட்டில் இடம் கிடைத்து, அந்தச் சமயம் பார்த்து அம்மா படுக்கையில் விழுந்து, ஒன்பது வருஷம் வீட்டோடு போயிற்று. நாற்பது வயதில் திரும்பி வந்தபோது, பாட்டில் எண்ணுகிற இந்த வேலைதான் கிடைத்தது. தளிப் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் ஆயிரம் ஆரஞ்சுப் பூவுக்கு நடுவே ஒரு செடியில் மட்டும் பூவின் நடுக்கண் ராகி நிறத்தில் இருந்ததை அவர்தான் பார்த்தார். அந்தச் செடியின் நுனியைக் கொண்டுவந்து மூன்று வருஷம் வளர்த்தார். மூலச்செடி வாடல் நோயில் போய்விட்டது. மிச்சம் இருந்தது பாட்டிலில் இருந்த தாய்ச்செடிகள் மட்டும்தான். தாளில் ஜே பதினேழு என்று எழுதுவார்கள், பெண்கள் எல்லாரும் மேடம் பூ என்பார்கள். அதைத் தொட இரண்டு பேருக்குத்தான் உரிமை, மேடத்துக்கும் மாதேஸ்வரிக்கும். "புது ரகம்னு பூ பதிவாகட்டும், உன்ன மாடிக்குக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு" என்று மேடம் சொல்லியிருந்தார்.

இதெல்லாம் இப்படி இருக்க, வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மூக்கண்டப்பள்ளியில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். ஆனி மாதம் மகள் நிவேதாவுக்குக் காய்ச்சல் ஏறி, கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி இழுத்தது. புருஷன் சந்தோஷ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினான். மாமியார் செல்லி இருந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்து, "சிங்காரப்பேட்ட ஆத்தா, புள்ளயக் குடுத்துடு, அவளப் பெத்தவ உனக்குக் காப்பு கட்டுவா" என்று கத்தினாள். பிள்ளை பிழைத்தது. காய்ச்சலில் வருகிற வலிப்புதான், ஐந்து வயது தாண்டினால் போய்விடும் என்றார் டாக்டர். மாதேஸ்வரிக்கும் அது தெரியும். ஆனால் தெரிந்து என்ன, அந்த இரண்டு நிமிஷம் அவளும் ஆத்தாளைத்தான் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிங்காரப்பேட்டையில் காப்பு கட்டினார்கள். பூசாரி நூலை முறுக்கிக் கட்டும்போது அவள் மனதுக்குள் ராஜாத்தியின் கை வந்து போனது.

"அத்த, நான் நாளைக்கு வேலைக்குப் போவணும். மேடம் டெல்லிக்குப் போறாங்க. தாய்ச்செடிய நான்தான் மாத்தணும், தள்ளிப்போட முடியாது" என்றாள்.

செல்லி மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் இருபது சீசன் நின்றவள். வேலை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "காப்பு கட்டுனவ ராத்தங்க ஊரத் தாண்டக் கூடாது. ஆனா உன் பொழப்பு அப்படி. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன், போ. கயித்த மட்டும் அவுக்காத மாதேஸு. புள்ள மேல ஆணையா அவுக்காத" என்றாள்.

"சரிங்கத்த."

"வாயில சொன்னா போதாது."

"புள்ள மேல ஆணையா அவுக்கல அத்த."

திங்கட்கிழமை உடை மாற்றும் அறையில் மாதேஸ்வரி எல்லார் கையையும் பார்த்தாள். அவள் கையைப் பார்க்க ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அங்கியின் கைப்பகுதியை மேலே தள்ளினாள். நூலின் மேல் ஸ்பிரிட்டை மூன்று தடவை அடித்தாள். கழற்றிவிட்டு மாலையில் கட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் பிள்ளையின் கண் மேலே சொருகியது நினைவுக்கு வந்தது. மஞ்சள்தானே, கிருமிநாசினிதானே, புண்ணுக்கே வைக்கிறோமே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ராஜாத்தியிடம் பச்சைக் கிழங்கு, மண்ணில் கிடந்தது என்று சொன்ன அதே வாய்தான். கையுறையை இழுத்து மூடினாள். மூன்று நாள், நூற்றெண்பது பாட்டில், மேடம் பூ அத்தனையையும் புது மீடியாவுக்கு மாற்றினாள். கையுறையின் விளிம்பு மணிக்கட்டில் உரசிக்கொண்டே இருந்தது.

மேடம் டெல்லியிலிருந்து வந்த அடுத்த திங்கட்கிழமை, வளர்ப்பறையில் விளக்கைப் போட்டதும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தட்டுத் தட்டாக எல்லாப் பாட்டிலிலும் செடியின் அடியைச் சுற்றி வெள்ளை வளையம். மருந்து கலந்த மீடியாவில் ஐந்து நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த ஐந்து நாளும் மாதேஸ்வரி அவர் பக்கத்திலேயே நின்று சாமணத்தை எடுத்துக் கொடுத்தாள். எட்டாம் நாளே காப்பை அவிழ்த்தாகிவிட்டது. நூல் வீட்டில் சாமி படத்து ஆணியில் தொங்கியது, தென்பெண்ணைக்குப் போகும்போது ஆற்றில் விட வேண்டும் என்று செல்லி வைத்திருந்தாள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் நவீன்குமாருக்குக் காரணம் கண்டுபிடிக்க அரை மணிதான் ஆனது.

"நூத்தெண்பது பாட்டிலும் ஒரே லோடு மீடியா. ஆட்டோகிளேவ்லதான் கோளாறு. அந்த வெங்கடம்மா டைம் முடியறதுக்கு முன்னாடி தெறந்திருக்கும், இல்ல பிரஷர் ஏறுனதப் பாக்கவே தெரிஞ்சிருக்காது. அறுபது வயசு ஆளக் கொண்டுபோய் மெஷின்ல நிக்க வச்சா இப்படித்தான்."

"வெட்டுன கை?" என்று மேடம் கேட்டார்.

"மாதேஸ்வரிதான மேடம்? பதினோரு வருஷத்துல அவங்க கண்டாம் நூத்துக்கு ஒண்ணக்கூடத் தாண்டல."

மாதேஸ்வரி அங்கேதான் நின்றிருந்தாள். அங்கியின் கைப்பகுதியை விரல் வரைக்கும் இழுத்துவிட்டாள்.

ஆட்டோகிளேவ் என்பது ஆளுயரப் பிரஷர் குக்கர், அவ்வளவுதான். மீடியா ஊற்றிய பாட்டில்களை உள்ளே அடுக்கி மூடி, பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் இருபது நிமிஷம் வேக வைத்தால் கிருமி மிஞ்சாது. வெங்கடம்மா பதினான்கு வருஷம் அந்த மெஷினோடு நின்றவள். தெலுங்குக்காரி, பாட்டில் கழுவ வந்து, மெஷினுக்கு வந்தவள். எழுத்துத் தெரியாது. ஆனால் முள் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று தெரியும். முள் பதினைந்தில் நிற்கும் இருபது நிமிஷமும் முன்னால் நின்றுகொண்டே இருப்பாள், தண்ணீர் குடிக்கவும் நகர மாட்டாள். அன்றைக்கு அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். "நானு சரியாத்தான் பாத்தேன் சாமி, முள்ளு பதினஞ்சுலதான் நின்னுச்சு" என்று நாலு பேரிடம் சொன்னாள். ஐந்தாவதாக மாதேஸ்வரியிடம் வந்து, "நீயாச்சும் சொல்லு தல்லி" என்றாள். மாதேஸ்வரி குனிந்து ரிஜிஸ்டரில் தேதி எழுதினாள். அந்தப் பாவத்துக்கு அன்றிரவு அவளுக்குக் களி இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஸ்டோர் அலமாரியின் அடித்தட்டில் நாலு பாட்டில் அவள் கண்ணில் பட்டது. அதே தேதி, அதே லோடு. செடி வைக்காமல் மிஞ்சிப் போனவை. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நாலும் பளிங்காக இருந்தன. மீடியா வேகாமல் இருந்திருந்தால் இந்த நாலும் முதலில் கெட்டிருக்க வேண்டும். அப்படியானால் கிருமி மெஷினிலிருந்து வரவில்லை. கத்தி பிடித்த கையிலிருந்துதான் வந்தது.

அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிவது வேறு, காட்டுவது வேறு என்று மேடம் அடிக்கடி சொல்வார். வீட்டுக்குப் போய், ஆணியில் தொங்கிய நூலிலிருந்து கிழங்குத் துண்டைப் பாதியாக நறுக்கிச் சுத்தமான சிமிழில் போட்டு எடுத்துவந்தாள். ஷிப்டு முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில் நாலு கண்ணாடித் தட்டு போட்டாள். ஒன்றில் கெட்டுப் போன மேடம் பூவின் அடிக்கூழ். ஒன்றில் மஞ்சள் கிழங்கு, மூன்று தடவை ஸ்பிரிட் அடித்த பிறகு. ஒன்றில் அவள் கையைக் கழுவித் தொட்டது. இன்னொன்றில் எதுவும் இல்லை. பதினோரு வருஷத்தில் அவளாகக் கேள்வி கேட்டு அவளாகச் செய்த முதல் ஆராய்ச்சி அது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு மணி நேரம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டாம் நாள் வெறும் தட்டு வெறுமையாகவே இருந்தது. கைத் தட்டில் இரண்டே புள்ளி, வேறு நிறம். மேடம் பூவின் தட்டிலும் மஞ்சள் தட்டிலும் ஒரே மாதிரி, ஓரம் சுருங்கிய வெள்ளைப் படலம். மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். இரண்டிலும் ஒரே குச்சிக் கிருமி, நடுவில் கெட்டியான வித்து. ஸ்பிரிட்டுக்குச் சாகாத வித்து. அதைப் பற்றிப் புத்தகத்தில் அவளே படித்திருக்கிறாள்.

தட்டுகளோடு மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் நெடுநேரம் பார்த்தார்.

"யாரு போட்டது இது?"

"நான்தான் மேடம்."

"இவ்வளவு சுத்தமா இழுக்க எங்க கத்துக்கிட்ட?"

"நீங்க போடறப்பப் பாத்ததுதான்." பிறகு காப்பு கட்டிய கதையைச் சொன்னாள். "வெங்கடம்மா மேல தப்பு இல்ல மேடம். மீடியா சரியா வெந்திருக்கு. நான்தான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே சாரல் வலுத்திருந்தது.

"மூணு வருஷம், மாதேஸ்வரி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "ஆட்டோகிளேவ்தான் காரணம்னு மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேன். கையெழுத்து என்னோடது" என்றார்.

"திருப்பி எழுதலாமே மேடம்."

"எழுதினா என்ன ஆகும் சொல்லு. நவீன் உன்ன அன்னைக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவான். அதோட நிக்காது. கயிறு கட்றவ, கர்ப்பமானவ, திருவிழான்னு லீவு கேக்கறவ, யாரும் வேண்டாம், ஹாஸ்டல்ல பசங்களப் போட்டு வெட்டலாம்னு நவீன் போன வருஷமே பேப்பர் கொடுத்தான். நான்தான் கிழிச்சேன். இந்தத் தட்டக் காட்டினா அதுக்கப்புறம் நான் என்ன பேசறது? நாப்பத்தாறு பேரு வீட்டுக்குப் போவாங்க."

"வெங்கடம்மா..."

"அவங்களுக்கு வயசாச்சு. ரெண்டு வருஷத்துல எப்படியும் போறவங்கதான்." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டு நாலையும் அவரே எடுத்துப்போய்க் கழிவுப் பையில் போட்டார்.

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. இளநிலை ஆராய்ச்சியாளர், மாடி அறை, தனி மேசை. பூ போனாலும் மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அல்லது வாயை அடைத்தார், இரண்டில் எது என்று மாதேஸ்வரிக்கு விளங்கவில்லை. வீட்டில் சந்தோஷ் நாட்டுக்கோழி வாங்கி வந்தான். காண்ட்ராக்ட் முடிந்து இரண்டு மாதமாக வீட்டிலிருப்பவன், அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தான்.

"பாத்தியா, ஆத்தா கண்ணத் தெறந்துட்டா" என்றாள் செல்லி, களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டே. "காப்ப அவுக்காம இருந்தியே, அதுக்குக் குடுத்தது."

மாதேஸ்வரி எழுந்துபோய்க் கொல்லையில் நின்றாள். சந்தோஷ் பின்னாலேயே வந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுப் பின்கதவைச் சாத்தினான்.

"இப்பப் போயி சொல்லி யாருக்கு இன்னா ஆவப்போவுது?" என்றான். "புள்ளய நெனச்சுப் பாரு."

"புள்ளய நெனச்சுத்தான இவ்வளவும் பண்ணேன்."

"அதான் சொல்றேன். உட்டுடு."

விட முடியவில்லை. மாடியில் நாலு நாள் உட்கார்ந்தாள். ஆசைப்பட்ட மேசை, ஆசைப்பட்ட ஜன்னல். கீழே ஆட்டோகிளேவ் ஆவி விடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுதிக்கொண்டிருந்தது நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பாகலூர் பஸ் ஏறினாள்.

வெங்கடம்மா வாசலில் சாக்கு விரித்துக் கொத்தமல்லி கட்டிக்கொண்டிருந்தாள். கட்டு ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள்.

"ரா தல்லி, ரா. கூர்ச்சோ" என்று சாக்கில் இடம் ஒதுக்கினாள். "நீயாச்சும் தேடி வந்தியே. மேடம் நல்லாருக்காங்களா? அந்தம்மா முகத்துல எப்படி முழிப்பேன்னுதான் அந்தப் பக்கமே வரல."

"நீங்க ஏன்க்கா..."

"என் கண்ணுதான் மோசம் பண்ணிருச்சு மாதேஸு. மொதல்ல நானு ஒத்துக்கல. அப்பறம் மகன் கண்ணு முகாமுக்குக் கூட்டினு போனான். பொர விழ ஆரம்பிச்சிருக்குன்னாங்க. அப்பத்தான் புரிஞ்சுது. பதிமூணுல நின்னத பதினஞ்சுன்னு பாத்துட்டேன். அந்தம்மா மூணு வருசம் புள்ள மாதிரி வளத்த பூவ நானு கொன்னுட்டேன்." ஒரு கட்டை முடித்து வைத்தாள். "மருமக சாப்பாடு போடறப்ப, தட்டு தெரியுதா அத்தன்னு கேக்கறா. அடுப்பாண்ட விடறதில்ல. சரிதான். என்னய நானே நம்பறதில்ல இப்ப."

மாதேஸ்வரி இதற்குத் தயாராக வரவில்லை. வேலை போன கோபத்தில் நாலு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்தாள். சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். காப்பு கட்டியது, கையுறையில் மறைத்தது, மிஞ்சிய நாலு பாட்டில், கிழங்குத் தட்டு, மேடம் அதைக் குப்பையில் போட்டது. வெங்கடம்மாவின் கை கொத்தமல்லியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப முள்ளு பதினஞ்சுலதான் நின்னுச்சா?"

"நின்னுச்சுக்கா."

"இருவது நிமிசமும்?"

"இருவது நிமிசமும்."

வெங்கடம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்புறம் இருண்டது. "உன் மேல மண்ண வாரித் தூத்தணும்போல வருது" என்றாள். குரல் ஏறவில்லை. "என்னயே நானு திருடியப் பாக்கற மாதிரி பாத்தேனேடி இத்தன நாளும். அன்னைக்கு உன்னத்தான வந்து கேட்டேன். குனிஞ்சுக்கினயே."

மாதேஸ்வரி அழுதாள். வெங்கடம்மா அவளை அழவிட்டாள், தேற்றவில்லை. பிறகு உள்ளே போய், கண் முகாமில் கொடுத்த சீட்டை எடுத்துவந்து, எழுதாத பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தாள்.

"எழுது. இப்ப வாயில சொன்னது அத்தனையும் எழுது. எனக்கு எழுத்து தெரியாது, ஆனா இந்த வீட்டுல படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"அக்கா, இது வெளிய போனா என் வேல..."

"என்னோடது போச்சில்ல."

மாதேஸ்வரி பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஜே பதினேழு தாய்ச்செடிகள் கெட்டதற்கு ஆட்டோகிளேவ் காரணமல்ல என்று தொடங்கினாள். என்ன செய்தாள், என்ன பார்த்தாள், அதனால் என்ன தெரிகிறது என்று மேடம் எழுதும் முறையிலேயே வரிசையாக எழுதினாள். வெங்கடம்மா பிழை செய்யவில்லை என்று முடித்தாள். வெங்கடம்மா அதை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள்.

"கீழ உன் பேரப் போடு."

போட்டாள்.

"பேரு மட்டும் இருந்தா யாரு நம்புவாங்க? நீ யாருன்னு போடு. பெரிய வேல குடுத்திருக்காங்களாமே, ராஜாத்தி பஸ்ஸாண்ட பாத்தப்ப சொல்லிச்சு. அதையும் போடு."

மாதேஸ்வரி தன் பேருக்குக் கீழே இளநிலை ஆராய்ச்சியாளர் என்று எழுதினாள். அந்த வார்த்தையை அவள் கையால் எழுதுவது அதுதான் முதல் தடவை. வெங்கடம்மா சீட்டை வாங்கி, மை காய ஊதி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கு எட்டு மணி ஷிப்டுக்கு எல்லாரும் வர்ற நேரம் இந்தச் சீட்டோட கேட்டாண்ட நிப்பேன்" என்றாள். "நீயும் வந்து பக்கத்துல நில்லு."